வடிவாம்பாள் பேரில் ஒரு கிரகம்

நாலு பேர் கூடினால் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது உலக வழக்கம். நாவல்பட்டி பூவலிங்கம் பந்தல் கடையில் மட்டும் நாலு பேரும் எப்போதும் ஒரே விதமாகத்தான் பேசுவார்கள். தடுக்க ஆள் இல்லாமல் போனது அதனால்தான்.

கடை பூவலிங்கத்துடையது. சொக்கப்பன், வேம்பு, அய்யாக்கண்ணு மூவரும் கூட்டாளிகள். சொக்கப்பனுக்குப் பெரிய உடம்பு. வாடகைக்குப் போகிற நாற்காலி தாங்குமா என்று அவரை உட்காரவைத்துத்தான் பார்ப்பார்கள். வேம்பு யோசிக்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். ஆழமான விஷயமாக இருந்தால் குறட்டையும் வரும். அய்யாக்கண்ணு சொன்னதைச் செய்கிறவர்.

ஆடி மாதம். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் மூங்கிலெல்லாம் சும்மா சாய்ந்து கிடந்த நேரத்தில், பூவலிங்கத்தின் மனைவி வடிவாம்பாள் பையைத் தூக்கிக்கொண்டு முசிறியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

காரணம் அவளுடைய அக்கா செண்பகம். செண்பகத்தின் கணவர் தனசேகரன் கோயம்புத்தூரில் இருக்கிறார். கம்ப்யூட்டரில் விண்வெளிக் கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்று அவருக்குப் பழக்கம். அந்த விளையாட்டில் யாரும் போகாத இடத்துக்கு முதலில் போகிறவர், அங்கே இருக்கிற கிரகத்துக்கு இஷ்டப்பட்ட பெயரை வைக்கலாம். தனசேகரன் ஒரு கிரகத்துக்குச் 'செண்பகம்' என்று பெயர் வைத்துவிட்டார். செண்பகம் அதைத் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். சொன்னதோடு விடாமல் படமும் அனுப்பினாள்.

"எங்க அக்கா பேர்ல ஒரு உலகமே இருக்கு. என் பேர்ல என்ன இருக்கு? வீட்டுப் பாத்திரத்துலகூட உங்க அம்மா பேரைத்தான் வெட்டி வெச்சிருக்கீங்க. எனக்கும் ஒரு கிரகம் வரட்டும், அப்புறம் நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வடிவாம்பாள் பஸ் ஏறினாள்.

பூவலிங்கம் மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தார். சாம்பார் ஊற்றும்போதெல்லாம் "போதும் வடிவு" என்பார். ஊற்றுகிறவர் பெயர் துரைக்கண்ணு.

விஷயம் தெரிந்து சகலை தனசேகரன் மனமிரங்கினார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அந்த விளையாட்டை ஏற்றி, லாரியில் போட்டு அனுப்பினார். நீளமான பொத்தானை அமுக்கினால் கப்பல் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவும்படி செய்திருந்தார். போனிலும் முதல் பாடத்தைச் சொன்னார்.

"சகலை, நீங்க புதுசு. சண்டைக்குப் போகாதீங்க. ஊர் சுத்திப் பாக்குறதுதான் நம்ம வேலை. ஆயுதம் எதுவும் வேணாம், எல்லாத்தையும் வித்துடுங்க. பாரத்தைக் குறைங்க. பாரம் குறையக் குறையத்தான் தூரம் போக முடியும்."

போனை வைத்ததும் நால்வரும் கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். கடப்பாரை, மண்வெட்டி, சுத்தியல், கயிறு அறுக்கிற அரிவாள். இத்தனை ஆயுதங்களுக்கு நடுவிலா இவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தோம் என்று அவர்களுக்கே பகீரென்றது. அன்று மத்தியானமே எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

அடுத்தது பாரம். கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து தண்ணீர்ச் செம்பை இறக்கினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். அய்யாக்கண்ணு சட்டையையும் கழற்றினார். வேம்பு பொத்தானை அமுக்கினார். கப்பல் அசையவில்லை.

வேம்பு கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது சொக்கப்பனைப் பார்த்தார். மற்ற இருவரும் சொக்கப்பனைப் பார்த்தார்கள்.

"நான் காலையிலகூட ரெண்டு இட்லிதான் அண்ணே..." என்றார் சொக்கப்பன்.

"தப்பா நினைக்காதே. கொஞ்சம் வெளிய நில்லு" என்றார் வேம்பு.

சொக்கப்பன் தெருவில் போய் நின்றார். வேம்பு பழையபடி அமுக்கினார். இந்தத் தடவை விரல் சரியான பொத்தானில் விழுந்தது. கப்பல் சீறிக்கொண்டு தாவியது. உள்ளே மூன்று பேரும் கை தட்டினார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த சொக்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷமா நம்ம கடை முன்னுக்கு வராததும் என்னாலதானா அண்ணே?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லப்பா" என்றார் பூவலிங்கம். "எல்லாரும் மேல போயிட்டா கீழ ஆள் வேணாமா? நீ தரையைப் பாத்துக்க."

சொக்கப்பன் அன்றிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த பாடம் மறுநாள் வந்தது. "எந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் முதல்ல ஒரு ஹாரன் அடிங்க. சுத்தி என்னென்ன இருக்குன்னு காட்டிடும்." விளையாட்டில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை ஹாரன் என்றுதான் ஆடுகிறவர்கள் சொல்வது வழக்கம். சகலை அதைச் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. அய்யாக்கண்ணு லாரி ஷெட்டுக்குப் போய் ஏர் ஹாரன் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். கடையில் இருந்த குழாய் ஸ்பீக்கரில் மைக்கைக் கட்டி, அதன் வாயில் ஹாரனை வைத்து அடித்தார்.

டீக்கடைக்காரர் பால் சட்டியோடு வெளியே ஓடிவந்தார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். பூட்டிக் கிடக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்த மூலை வீட்டிலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள்.

"சகலை சொன்னது சரிதான்" என்றார் பூவலிங்கம் வியந்துபோய். "சுத்தி இருக்கிறது அத்தனையும் காட்டிடுச்சு."

கப்பல் பத்து நட்சத்திரம் தாண்டியிருக்கும். எரிபொருள் குறைகிறது என்று திரையில் சிவப்பாக மின்னியது. பூவலிங்கம் பதறிப்போய்ப் போன் செய்தார்.

"பயப்படாதீங்க. நட்சத்திரத்துக்கிட்டப் போய் அங்கேயே பிடிச்சுக்கலாம். ஆனா எல்லா நட்சத்திரத்துலயும் கிடைக்காது. என்ன நட்சத்திரம்னு பாத்துட்டுப் போங்க. ரொம்ப ஒட்டிப் போனா சூடு ஏறிடும், ஜாக்கிரதை" என்றார் சகலை.

என்ன நட்சத்திரம் என்று பார்க்க வேம்பு காலண்டரைக் கிழித்தார். "இன்னிக்குப் பரணி."

"பரணியில எண்ணெய் கிடைக்குமா?"

"எப்படிக் கிடைக்கும்? கார்த்திகையிலதான் கிடைக்கும். ஊர் பூரா எத்தனை விளக்கு ஏத்துறாங்க! அத்தனைக்கும் எண்ணெய் எங்கேருந்து வருது?"

மறுக்க முடியாத வாதம். கார்த்திகை மறுநாள்தான் என்பதால் கப்பலை அப்படியே நிறுத்திவைத்து, பொழுது விடிந்ததும் குளித்துவிட்டு வந்தார்கள். சூடு ஏறாமல் இருக்க அய்யாக்கண்ணு கம்ப்யூட்டருக்கு மேலே குடை பிடித்தார். பூவலிங்கம் விசிறினார். வேம்பு எதையெதையோ அமுக்க, கப்பல் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தின் ஓரமாக உரசிப் போனது. எரிபொருள் தானாக நிரம்பியது.

"கார்த்திகைன்னா கார்த்திகைதான்" என்றார் வேம்பு. ஜன்னலுக்கு வெளியே சொக்கப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்படியே தாவித் தாவி ஆடி முடிகிற சமயத்தில் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நீலமாக, ஓரத்தில் கொஞ்சம் பச்சையாக, கழுவி வைத்த எவர்சில்வர் தட்டுப் போலப் பளபளவென்று ஒரு கிரகம் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே இதுவரை யாரும் வந்ததில்லை, என்ன பெயர் வைக்கலாம் என்று திரை கேட்டது.

பூவலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். 'வடிவாம்பாள்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். அந்தப் பெயர் கிரகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதும், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மற்றவர்கள் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள்.

சகலைக்குச் சொன்னார்கள். அவர் சந்தோஷப்பட்டார். "ஆனா இது போதாது சகலை. ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைச்சாத்தான் உங்க கணக்குல ஏறும். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க, ஸ்டேஷன் வாசல்லயே அனுமதி கேட்டுட்டுத்தான் உள்ள போகணும். கேக்காம நுழைஞ்சா சுட்டுடுவாங்க."

நாவல்பட்டியில் ரயில் கிடையாது. ஆகவே ஸ்டேஷன் என்றால் ஒன்றுதான்.

நால்வரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"உள்ள வரலாங்களா? சுட்டுடாதீங்க!" என்று பூவலிங்கம் கத்தினார்.

ஏட்டு கதிர்வேல் டீ டம்ளரோடு வெளியே வந்தார். அவர் இருபது வருடத்தில் பலவிதமான ஆட்களைப் பார்த்தவர். ஆனாலும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"ஒரு கிரகத்தைக் கண்டெடுத்தோங்க ஏட்டையா. ஒப்படைக்க வந்திருக்கோம்."

ஏட்டு நால்வர் முகத்தையும் பார்த்தார். குடித்த வாடை இல்லை. "எங்க கிடந்துச்சு?"

"ரொம்ப தூரத்துலங்க. ஆள் நடமாட்டமே இல்ல."

"இப்ப கையில இருக்கா?"

"கடையில இருக்குங்க. குடை பிடிச்சு வெச்சிருக்கோம்."

ஏட்டு பெருமூச்சு விட்டார். பத்திரிகைக்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இந்த வட்டாரத்துல யாரும் கிரகம் காணோம்னு புகார் கொடுக்கல. நீங்களே வெச்சுக்குங்க. போங்க."

"சும்மாவா ஏட்டையா?"

"சும்மாதான். தயவுசெஞ்சு கிளம்புங்க."

இவ்வளவு சுலபமாக வேலை முடியும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. போலீஸ்காரர்களைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் பொய் என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

அன்றே வடிவாம்பாளுக்குப் போன் போயிற்று.

"நெசமாவா?"

"உன் மேல சத்தியம். நீலக் கலரு. உனக்குப் பிடிச்ச பட்டுச் சேலை மாதிரியே இருக்கு."

"அக்காவோடதை விடப் பெருசா?"

"அக்காவோடதைத் தூக்கி இதுக்குள்ள போட்டு மூடலாம்."

"தண்ணி வசதி?"

"சுத்திலும் தண்ணிதான் வடிவு."

"குழாய்ல வருமா?"

பூவலிங்கம் யோசித்தார். "வரவெச்சுக்கலாம்" என்றார்.

வடிவாம்பாள் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். வந்தவள் கடைக்குள் நுழைந்து திரையைப் பார்த்தாள். தன் பெயரை விரலால் தொட்டாள். பிறகு புருஷனைப் பார்த்து, "இளைச்சுப் போயிட்டீங்களே" என்றாள். பூவலிங்கத்துக்கு ஆடி மாதம் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சகலை ஒரு போன் செய்தார்.

"இன்னும் கிரகத்துல இறங்கலையா? இறங்கினாத்தானே அழகு! அவசரப்படாதீங்க. நல்லா நேரம் எடுத்துக்கிட்டு, பக்குவமா உள்ள நுழையுங்க."

வேம்பு கண்ணை மூடினார். அன்றைக்கு மாதிரி அவர் என்றும் யோசித்ததில்லை.

"அண்ணே, ஒரு சந்தேகம். கிரகத்துக்குள்ள முதல் முதல்ல நுழையறதுக்கு என்ன பேரு?"

பூவலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். மெதுவாகச் சொன்னார்: "கிரகப்பிரவேசம்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லவேளை," என்றாள் வடிவாம்பாள். "ஆடி மாசத்துல நுழைஞ்சிருப்போம்."

ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தம் குறித்தார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகை அடித்தார்கள். 'இடம்: வடிவாம்பாள் கிரகம். வழி: பூவலிங்கம் பந்தல் கடை' என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. சொந்தத் தொழில் என்பதால் பந்தலைப் பெரிதாகவே போட்டார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் ஆயுதமாகிப் போய்விட்டதால், கால் நட வேண்டிய குழியெல்லாம் சாம்பார்க் கரண்டியால் தோண்டினார்கள். பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விருந்தாளிகளும் அந்தப் பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

காலையில் ஐயர் வந்தார். பசு வந்தது. முதலில் பசுதான் நுழைய வேண்டும் என்றார் ஐயர். அய்யாக்கண்ணு பசுவைக் கம்ப்யூட்டர் மேஜை வரைக்கும் ஓட்டிவந்து, திரைக்கு நேரே நிறுத்தினார். பசு திரையை நக்கியது.

"தலை உள்ள போன மாதிரிதான்" என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். அவர் இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பால் காய்ச்ச வேண்டும். புது இடத்தில்தான் காய்ச்ச வேண்டும் என்பது சாஸ்திரம். திரைக்குள் அடுப்பு வைக்க வழியில்லாததால், கிரகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் என்று பார்த்து, கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேலேயே சின்ன ஸ்டவ்வை வைத்தார்கள். வடிவாம்பாள் நீலப் பட்டுச் சேலையில் நின்று பாலை ஊற்றினாள். பூவலிங்கம் விளையாட்டில் கிரகத்தை நோக்கிக் கப்பலை இறக்கிக்கொண்டிருந்தார். நீலம் பெரிதாகிப் பெரிதாகித் திரை முழுக்க வந்த சமயத்தில் பால் பொங்கியது.

நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. பெட்டிக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை. திரை இருண்டது.

"கிழக்கால பொங்கியிருக்கு. அமோகமா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு ஐயர் கிளம்பினார்.

வடிவாம்பாள் திரையைக் கூர்ந்து பார்த்தாள். "என்னங்க, ஒண்ணுமே தெரியலையே? ஒரே இருட்டா இருக்கு."

"இங்க பகல் இல்லையா?" என்றார் வேம்பு. "அப்ப அங்க ராத்திரியாத்தானே இருக்கும்?"

சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. ராத்திரி நேரத்தில் பழக்கமில்லாத இடத்தில் போய் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை, விடிந்ததும் போகலாம் என்று முடிவாயிற்று. பெட்டி படுக்கைகளைத் திரைக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டு, பந்தியில் சாப்பிட்டார்கள். வெற்றிலை போட்டார்கள். மாலை வரைக்கும் விடியவில்லை. மறுநாளும் விடியவில்லை.

"விடியாம எப்படிப் போகும்?" என்றார் பூவலிங்கம் கவலையோடு.

"எப்படி விடியும்?" என்றாள் வடிவாம்பாள். "புது இடம். ஈ காக்கை கிடையாது. கூவுறதுக்கு அங்க என்ன இருக்கு?"

இது யாருக்கும் தோன்றவில்லை. அய்யாக்கண்ணு ஓடிப்போய் நல்ல தொண்டையுள்ள சேவல் ஒன்றைப் பிடித்துவந்து, திரைக்கு எதிரே மேஜைக் காலில் கட்டினார். சேவல் இருண்ட திரையை இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தது. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டது. கழுத்தை நீட்டி, கணீரென்று ஒரு கூவல் கூவியது.

ஐந்து பேரும் எழுந்து, பெட்டிகளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள்.