நாலு திக்கும் நலம்!

கிளைக்கொம்பன் என்ற புள்ளிமானும் ஒரு கரிச்சான் குருவியும் வரும் இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. வயிறு புண்ணாகும் சிரிப்பு! ஆனால் அவசரப்படக் கூடாது. முதலில் குளம் வற்ற வேண்டும்.

வற்றியது. பங்குனியில் நெஞ்சளவு இருந்த தண்ணீர், சித்திரையில் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மழை எப்போது வரும்? யாருக்கும் தெரியாது. "ஒரு குட்டி குறையாமல் உங்களை மழைவரை கொண்டு சேர்ப்பேன்" என்று தலைவன் கிளைக்கொம்பன் கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். குளத்தில் முதலை இருந்த காலத்தில் வந்தது. தலைவன் முதலில் தனியாக இறங்கி, தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பான். காட்டைப் பார்ப்பது கரையில் நிற்கும் காவல்மான்களின் வேலை. தலைவன் திரும்பாமலே ஒவ்வொரு திக்காகக் கேட்பான். நாலு பதிலும் வந்த பிறகுதான் கூட்டம் குடிக்க இறங்கும். முதலை செத்துப் பல காலம் ஆயிற்று. வழக்கம் சாகவில்லை.

ஒரு காலை கிளைக்கொம்பன் கேட்டான்: "மேற்கே?"

"புலித் தடம் இருக்குண்ணே! ஈரம்கூடக் காயல!" என்றான் கரகரத்த குரல்காரன் மொட்டையன்.

குட்டிகள் வெடவெடத்தன. கிளைக்கொம்பனுக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளலாமா? தலைவன் அல்லவா!

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? கெட்ட சேதி சொல்றவன் கடைசியில குடி!"

கடைசியில் குடிப்பது என்றால் சேற்றைக் குடிப்பது.

மறுநாள், "வடக்கே?"

கீச்சுக்குரல் சுள்ளி படபடத்தாள். "அண்ணே அண்ணே, ஊத்து நின்னுபோச்சு! இன்னும் மூணே நாள் தண்ணிதான்! மலைக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுதாம், போயிடலாமா?"

"நீயும் கடைசியில குடி!"

அதற்கு அடுத்த நாள்? கிழக்கே நலம். தெற்கே நலம். மேற்கே நலம். வடக்கே நலம்! 'பார்த்தாயா, நான் கலங்காமல் நின்றேன், கூட்டமும் தேறிவிட்டது' என்று கிளைக்கொம்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

சுள்ளி சொன்ன அந்த மூன்றாம் நாள் வந்தது. குளத்தின் நடுவில் ஒரு குட்டைதான் மிச்சம். அன்றும் நாலு திக்கும் நலம்!

"சரி, எல்லாரும் இறங்கி வாங்க!"

யாரும் வரவில்லை.

"வாங்கப்பா!"

"வர்றோம்ணே! தொண்டையில முள்ளு, இருமிட்டு வர்றேன்!" மொட்டையன் குரல்.

"அண்ணே அண்ணே, குட்டி எழுந்திருக்க மாட்டேங்குது!" சுள்ளி குரல்.

"பெரியப்பா... இன்னும் கொஞ்சம் தூங்கறேனே!" ஒரு குட்டியின் குரல்.

வெயில் ஏறியது. காது மடல் சுட்டது. கண் மட்டும் தண்ணீரைவிட்டு அகலவில்லை. குட்டை கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. அதில் அவன் கொம்பு தெரிந்தது. கொம்புக்குப் பின்னால் கரை தெரிந்தது. கரையில்... ஒரு மான்கூட இல்லை!

மேலே ஒரு பட்ட கிளை. அதில் கரிச்சான். அதன் அலகு திறந்தது. "மேற்கே நலம்ணே! வர்றோம்ணே!" என்று கரகரத்தது. மூடித் திறந்தது. "அண்ணே அண்ணே!" என்று கீச்சிட்டது.

கிளைக்கொம்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது! தலைவனானபின் முதல்முறையாகத் தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினான். கரையில் வெறும் குளம்புத் தடங்கள். எல்லாம் மலைப்பக்கம் போயிருந்தன.

"எங்கே என் கூட்டம்?"

"ஆத்துக்குப் போயாச்சு! நீ இறங்கினதும் கிளம்பிட்டாங்க, ஒரு குட்டி குறையாம! மேற்குப் புதர்ல புலி படுத்திருக்கு, வேற என்ன செய்வாங்க?"

கரிச்சான் சிரித்தது. தன் குரலில் சிரித்தது, மொட்டையன் குரலில் சிரித்தது, சுள்ளி குரலில் சிரித்தது. வயிறு புண்ணாகச் சிரித்தது.

"புலியா! ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

சிரிப்பு நின்றது. கரிச்சான் கழுத்தைச் சாய்த்தது. கிளைக்கொம்பனின் குரலிலேயே, ஒரு பிசிறு தட்டாமல் பதில் சொன்னது:

"கெட்ட சேதி சொல்றவன் கடைசியில குடி!"

கிளைக்கொம்பன் குனிந்து பார்த்தான். சேற்றில், கடைசி ஆளாக, அவன்தான் நின்றுகொண்டிருந்தான்.

கெட்ட காலத்தில் கெட்ட சேதிக்குக் காது கொடுக்காத தலைவனுக்கு, நல்ல சேதி சொல்ல ஒரு குருவிதான் மிஞ்சும்.