சருகுமான் மறுபடி கூப்பிட்டது

கூகைமலைக் காட்டுக்குப் புதிதாக வரும் எந்த விலங்கும் எல்லையில் நின்று, "இங்கே இடம் சொல்வது யார்?" என்று உரக்கக் கேட்கும். யார் எந்தப் புதரில் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்த பறவைகள், "நான் சொல்வேன்" என்று குரல் கொடுக்கும். ஏதாவது ஒன்றிடம் தான் தேடும் விலங்கின் பெயரைச் சொன்னால் போதும், வழி கிடைத்துவிடும்.

இந்த வழக்கத்துக்குள் ஒரு நரி புகுந்தது. "இனிமேல் நான் மட்டும்தான் பதில் சொல்வேன். வாயைத் திறக்கும் பறவையின் கூட்டில் ஒரு முட்டை மிஞ்சாது" என்று மிரட்டியது. பறவைகள் அடங்கிப் போயின. நரியிடம் வழி கேட்ட முயல்கள் நேராக அதன் குகைக்கே போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

ஒரு நாள் சருகுமான் ஒன்று மூச்சிரைக்க ஓடி வந்தது. அதன் காடு தீயில் எரிந்துவிட்டது. இந்தக் காட்டில் இருக்கும் அக்காவை விட்டால் அதற்கு வேறு நாதியில்லை. எல்லையில் நின்று, "இங்கே இடம் சொல்வது யார்?" என்று கூப்பிட்டது.

"நான் சொல்றேன், தங்கச்சி. யாரைத் தேடுற?" என்றது நரி.

"எங்க அக்கா வரிச்சியை."

"அவளா? அந்தப் பாறைக்குப் பின்னால ஒரு குகை இருக்கு. உள்ளேதான் படுத்திருக்கா. நேரே போ."

சருகுமான் நகரவில்லை. "இவ்வளவு பெரிய காட்டுல இடம் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானா, அண்ணே?"

"ஒருத்தன்தான்."

"அப்படின்னா நான் இன்னொரு தடவை கூப்பிட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அது மறுபடி கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. நரி பல்லைக் காட்டிக்கொண்டு நெருங்கியது.

"அதான் பதில் சொல்லியாச்சே. வாயை மூடு."

"மூட மாட்டேன். நீங்க கடிச்சாலும் கூப்பிட்டுக்கிட்டேதான் சாவேன்."

சருகுமான் தலையை நிமிர்த்தி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டது.

மேலே இருந்த மரங்கொத்திக்கு வெட்கமாகிவிட்டது. "மரமேறத் தெரியாத நரிக்கா இத்தனை நாள் பயந்து கிடந்தோம்?" என்று பக்கத்துக் கிளை மைனாவிடம் சொன்னது. பிறகு கழுத்தை நீட்டிக் கத்தியது. "நான் சொல்றேன்! வரிச்சி ஓடைக்கரை மூங்கில் புதர்ல இருக்கா!"

"ஆமாம், மூங்கில் புதர்தான்" என்றது மைனா. "குகைப் பக்கம் போகாதே" என்றது இருவாச்சிப் பறவை. மரத்துக்கு மரம் குரல்கள் எழுந்தன.

நரி பாய்ந்தது. அதற்குள் சருகுமான் ஓடைப் பக்கம் ஓடி, நரி நுழைய முடியாத மூங்கில் நெருக்கத்துக்குள் புகுந்து அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. "நான் மட்டும்தான் சொல்வேன்!" என்று நரி ஊளையிட்டது. அதைக் கேட்க அங்கே யாரும் நிற்கவில்லை.

முதலில் பதில் சொன்னவரையே நம்பிவிடாதே. அவர் அதட்டினாலும் மற்றவர்கள் வாய் திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு.