இலையை மடக்காத நீர்நாய்

காட்டுக் குளத்தில் நாரை டீச்சர் நீச்சல் பள்ளி நடத்தினாள். மழைக்காலத்து வெள்ளத்தில் ஒரு குட்டிகூட முங்கிச் சாகக் கூடாது என்று ஆரம்பித்த பள்ளி. நல்ல எண்ணம்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே பாடம், முழங்கால் ஆழம். அதுவும் நாரையின் முழங்கால்.

சுழலி என்ற நீர்நாய்க்குட்டி முதல் நாளே அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "முயல் நீந்துற வரைக்கும் கரையில உட்காரு. இங்க எல்லாரும் சமம்" என்றாள் நாரை.

முயல்குட்டி செம்பனுக்குத் தண்ணீரைக் கண்டாலே உதறல். சுழலி அதை முதுகில் ஏற்றிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் அலுக்காமல் பழக்கியது. ஆனால் மற்ற நேரமெல்லாம் கோடை முழுக்கக் கரையில் குந்தியிருந்ததில் சுழலிக்குத் தண்ணீரே வெறுக்கத் தொடங்கியது. நீர்நாய்க்கு நீர் வெறுத்தால் அப்புறம் என்ன மிச்சம்? செம்பனுக்கும் நிம்மதியில்லை. வகுப்பே தனக்காகக் காத்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் அதன் கால்கள் மரத்துப்போயின.

ஒருநாள் காலை பொறுக்க முடியாமல் சுழலி நடுக்குளத்தில் பாய்ந்துவிட்டது. இன்னொரு தடவை ஆழத்துக்குப் போனால் பள்ளியை விட்டே நீக்கிவிடுவேன் என்றாள் நாரை.

மதியம் சமபந்தி. அதில் நாரைக்குத் தனிப் பெருமை. வரிசையாகத் தாமரை இலை போட்டு முயலுக்குப் புல், பன்றிக்குட்டிக்குக் கிழங்கு, நீர்நாய்க்கு மீன் வைப்பாள். பன்றிக்குட்டி நொடியில் வழித்துவிட்டு நிமிரும். ஓடி வந்து மறுபடி போடுவாள். முயல் கடைசிப் புல்லைக் கொறிக்கும்வரை பந்தியைக் கலைக்க மாட்டாள்.

அன்று எல்லாரும் இலையை மடக்கினார்கள். சுழலி மடக்கவில்லை. காலி இலையைக் கவ்விக்கொண்டுபோய் வகுப்பில் தன் முன்னால் விரித்து உட்கார்ந்தது.

"பந்திதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன இலை?"

"பன்றி இலை காலியானா ஓடி வரீங்க டீச்சர். பாடத்துல என் இலை முதல் நாளே காலி. நீங்க திரும்பிக்கூடப் பாக்கல."

"முயல் பாவமில்லையா? அதை விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"அதோட இலையில யாரும் கை வைக்க வேண்டாம். மெதுவா சாப்பிடட்டும். எனக்கு மறுசோறு போடுங்க. அதுவரைக்கும் இதை மடக்க மாட்டேன். நீக்கினாலும் வாசல்ல விரிச்சு உட்காருவேன்!"

நாரைக்குச் சுருக்கென்றது. தன் பந்தியில் ஒரு குட்டி பசியோடு இருந்தது என்பதைவிடப் பெரிய அவமானம் அவளுக்கு இல்லை. ஆனால் முழங்கால் ஆழத்துக்கு மேல் அவளுக்கே நீந்தத் தெரியாதே! வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அதையும் சொன்னாள். பிறகு, முங்கி எழுவதில் கைதேர்ந்த முக்குளிப்பான் பறவைக்கு ஆள் அனுப்பினாள்.

மறுநாள் முக்குளிப்பான் பின்னால் சுழலி ஆழத்துக்குள் போனது. நாரை முழு நேரமும் செம்பனோடு நின்றாள். யாரும் காத்திருக்கவில்லை என்றானதும் செம்பனின் கால்கள் மெல்ல அசைந்தன. முதல் மழைக்கு முன்பே அதுவும் அக்கரை ஏறியது.

ஏறிய வேகத்தில் ஒரு தாமரை இலையைப் பறித்துத் தன் முன்னால் விரித்தது. "டீச்சர், எனக்கும் மறுசோறு!"

எல்லாருக்கும் இலை போட்டால் மட்டும் சமபந்தி ஆகிவிடாது. மெதுவாக உண்பவரின் இலையைப் பறிக்காமலும், முந்தி உண்டவரின் இலையைக் காயவிடாமலும் இருந்தால்தான் அது சமபந்தி.