ராஜாவின் வயிறு சொன்ன சாட்சி

மூங்கில் காட்டில் ஊசியம்மா என்றொரு முள்ளம்பன்றி வைத்தியம் பார்த்துவந்தாள். அவளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். நோயாளி வரட்டும் என்று காத்திருக்க மாட்டாள். நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும் மான், முயல், காட்டெருமை என்று ஒவ்வொன்றின் வயிற்றிலும் போய்க் காதை வைத்துக் கேட்பாள். "இன்னிக்கு வெளிக்குப் போனியா? சுலபமாப் போச்சா?" என்று விசாரிப்பாள்.

"கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். என்கிட்ட வந்து சாணி விசாரிக்கிறியே, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று காட்டெருமை கேலி செய்யும்.

"நல்ல வயிறு எப்படிப் பேசும்னு தெரிஞ்சாத்தானே, கெட்ட வயிறு என்ன சொல்லுதுன்னு புரியும்" என்பாள் அவள். யார் காதில் ஏறியது? எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு சிறுத்தை. மந்திரி ஒரு நரி. ராஜா வேட்டையாடியதை மரக்கிளையில் ஏற்றிவைத்துத் தின்பார். மந்திரி கீழே உட்கார்ந்து காட்டுச் சேதி சொல்லும். வேண்டாம் என்று அவர் கீழே தள்ளுவதெல்லாம் மந்திரிக்கு. அதுதான் அங்கே வழக்கம்.

கொஞ்ச நாளாக ராஜாவின் வயிறு கல்லாகிவிட்டது. ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. இருந்ததும் வெளியே போகவில்லை. வலி தாங்காமல் அவர் உறுமியபோது காடே நடுங்கியது. நரி மட்டும் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு வந்தது.

ஊசியம்மாவை இழுத்து வந்தார்கள். "பொழுது சாயறதுக்குள்ள என் வயிறு இளகணும். இல்லேன்னா உன்னைக் கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றார் ராஜா.

பாவம் ஊசியம்மா! பயந்தால் அவள் முள் சிலிர்த்துக்கொள்ளும். சிலிர்த்தால் ராஜாவின் வயிற்றில் குத்தும். குத்தினால் பொழுது சாயும்வரைகூட அவள் உயிர் தங்காது. பல்லைக் கடித்து முள்ளை அடக்கிக்கொண்டு, ராஜாவின் வயிற்றில் காதை வைத்தாள்.

உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்டது. இது நல்ல வயிறு போடுகிற சத்தமாயிற்றே! அப்படியானால் நோய் எங்கே?

அந்த நேரம் பார்த்து நரி ராஜாவிடம் குனிந்தது. "மலைக்கு அந்தப் பக்கம் இன்னிக்கும் புலியோட காலடி பார்த்தேன் ராஜா. உங்களைத்தான் தேடுதாம்."

சட்டென்று இரைச்சல் நின்றுவிட்டது.

ஊசியம்மாவின் முதுகில் ஒரு முள் எழுந்தது. அடக்கிக்கொண்டாள். பருந்தின் நிழல் பட்டால், திடமான முயலின் வயிறும் இப்படித்தான் வாயடைத்துப் போகும். அதை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வயிற்றுக்கும் சொந்தமாக நரம்பு உண்டு. தலைக்கு எட்டிய பயம் அதற்கும் எட்டிவிடும்.

"மந்திரி கொஞ்சம் தள்ளிப் போகணும்" என்றாள்.

"எதுக்கு? பொழுதைப் போக்குறா ராஜா இவ. வைத்தியம் தெரியாதவ" என்று நரி சீறியது.

பொழுது இறங்கி, வெயில் மூங்கில் நுனிக்கு ஏறிவிட்டது. ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நரியிடம், "அந்தப் பாறைக்குப் பின்னால போ" என்றார்.

நரி போனது. ஊசியம்மா மறுபடி காதை வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல் திரும்பி வந்தது. நரியைக் கூப்பிட்டுப் புலிக் கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். இரைச்சல் நின்றது.

"உங்க வயித்துல நோய் இல்லை ராஜா. நீங்க சாப்பிட உட்காரும்போதெல்லாம் புலிக் கதை சொல்றது யாரு? நீங்க தின்னாமத் தள்ளுறதைத் தின்னு கொழுக்கிறது யாரு?"

ராஜா மெதுவாக எழுந்தார். "மந்திரி, அந்தக் காலடியைக் காட்டு. இப்பவே போவோம்."

நரியின் வயிறுதான் பதில் சொன்னது. நின்ற இடத்திலேயே கழிந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"பயம் சில வயித்தைப் பூட்டும், சில வயித்தைத் திறந்துவிடும்" என்றாள் ஊசியம்மா.

ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று முகம் மாறி, அவசரமாகப் புதருக்குப் பின்னால் ஓடினார். அந்தச் சந்தடியில் நரி ஓட்டம் எடுத்தது. அதற்குப் பிறகு அதை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் காட்டெருமை தானாகவே வந்து படுத்துக்கொண்டது. "எனக்கு ஒண்ணும் இல்லை. இருந்தாலும் கேட்டு வச்சுக்கோ" என்றது.

நலமாக இருக்கும்போதே உடம்பை அறிந்து வைத்தவருக்குத்தான், அது கெடும்போது கெடுத்தது எது என்று தெரியும்.