புறப்பட்டுக்கிட்டே இருந்த மாமன்

லே கபிலா, கால ஆட்டாம படு. போர்வைய ஒதைச்சேன்னா கதை கிடையாது. கண்ண மூடு, காத மட்டும் தெறந்து வையி. நான் நிறுத்துத எடத்துல நீ "ம்" சொல்லணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டேன்னு அத்தை எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாமன் இருந்தானாம். பேரு பலவேசம். சிரிக்காத, எங்க பக்கம் அப்படித்தான் பேரு வைப்போம். ஊரு ஆறுமுகநேரி. அங்க எங்க பாத்தாலும் உப்பளம். வெள்ளை வெளேர்னு குமிச்சுப் போட்டிருப்பாங்க, தூரத்துல நின்னு பாத்தா சோத்தக் கொட்டி வச்ச மாதிரி இருக்கும். அந்த உப்பு மூட்டைய ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடிக்குப் போற குட்டியானைய ஓட்டுதவன் பலவேசம்.

"நெசமான ஆனையா அத்தை?"

போடா கூறுகெட்டவனே. சின்ன லாரிக்கு அப்படி ஒரு பேரு. அதுக்குத் தும்பிக்கை கிடையாது, ஹாரன்தான். பாம்... பாம்...

அவனுக்கு ஒரே ஒரு தங்கச்சி, உலகம்மா. அவள வேதாரண்யத்துல கட்டிக் குடுத்திருந்துச்சு. அங்கயும் உப்பளம்தான். உப்புல பொறந்தவ உப்புக்கே வாக்கப்பட்டா. ஆனா நடுவுல எம்புட்டுத் தூரம்! தூத்துக்குடி, வேம்பார், சாயல்குடி, தொண்டி, முத்துப்பேட்டைன்னு கடலப் பாத்துக்கிட்டே போயிக்கிட்டு இருக்கணும்.

தங்கச்சின்னா பலவேசத்துக்கு உசுரு. ஆனா அவன்கிட்ட ஒரு குணம். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பிளான் போடணும். முறத்தை எடுத்து வச்சு, உப்பக் கோடு மாதிரித் தூவி, "இதுதான் கடக்கரை ரோடு" அப்படிம்பான். ஊருக்கு ஒரு பொரிகடலைய வைப்பான். "இங்க காப்பி. இங்க சோறு. இங்க படுக்கோம்." பொண்டாட்டி சந்தனமாரி கன்னத்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அப்போ பாத்து கோழி வந்து டொக்குன்னு தொண்டியக் கொத்தித் தின்னுட்டுப் போயிரும்.

"ஐயோ, தொண்டி போச்சே! சகுனம் சரியில்ல. அடுத்த வாரம் பாப்போம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" அப்படின்னு சந்தனமாரி எந்திரிச்சுப் போயிருவா.

இப்படியே உலகம்மா வளைகாப்புக்குப் பிளான் போட்டான், போகல. பிள்ளைக்குப் பேரு வச்சாங்க, பூரணின்னு. அதுக்கும் பிளான் போட்டான், போகல. அப்புறம் ஒரு நாள் போனு வந்துச்சு. ட்ரிங் ட்ரிங், ட்ரிங் ட்ரிங்.

"அண்ணே, பூரணிக்கு நாளன்னிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். உனக்குத் தெரியும்லா?"

"தெரியும் தாயி."

"எம் மாமியாரு வீட்டுல, உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கானா இல்லியான்னு கேக்காங்க. நீ வரலைன்னா வேற யாரு மடியிலயாவது வச்சுக் குத்திருவாங்க. அப்புறம் நான் உன்னை எதுக்குமே கூப்பிட மாட்டேன்ணே." டக்குன்னு வச்சுட்டா. வைக்கும்போது அவ அழுதது இவனுக்குக் கேட்டுச்சு. பாவமா இருக்குல்லா?

"ம்."

மறுநாள் விடிஞ்சதும் குட்டியானையில சீரு ஏத்துனாங்க. வாழைத்தாரு, கருப்பட்டி, பட்டுப்பாவாடை, சின்னதா ஒரு சோடி தங்கக் கம்மல். வண்டி கிர்ர்ர்னு கிளம்பிருச்சு. எதுத்த வீட்டுக்காரி தண்ணிக் கொடத்தோட வந்தா. வந்தவ சும்மா போனாளா? "என்ன, புருசனும் பொண்டாட்டியுமா எங்க போறீய?" அப்படின்னு கேட்டுட்டா.

போச்சு! கிளம்புதவங்கள "எங்க போறீய"ன்னு கேக்கக் கூடாதுலே. "தூரமா?"ன்னுதான் கேக்கணும். கேட்டுட்டா திரும்ப வீட்டுக்கு வந்து, தண்ணி குடிச்சு, கொஞ்சம் உக்காந்துட்டுத்தான் கிளம்பணும். பலவேசம் டக்குன்னு வண்டியத் திருப்பிட்டான். மடக்கு மடக்குன்னு தண்ணி குடிச்சான். உக்காந்தான். சந்தனமாரியும் பக்கத்துல உக்காந்தா.

அப்புறம் ரெண்டாவது தடவை கிளம்புனாங்க. ஊரு எல்லைக்கு வந்தாச்சு. அங்க ஒரு டீக்கடை. டீ ஆத்திக்கிட்டு இருந்தவன் ஒரு கையத் தூக்கி, "ஏ பலவேசம்! மூட்டையக் காணோம், எங்க போற?"ன்னு கத்துனான்.

மறுபடியும் கிர்ர்ர்னு வீட்டுக்கு. மறுபடியும் மடக்கு மடக்கு. வயிறு தண்ணியில குலுங்குது, களக் களக்னு. அப்போ பாத்து ராகு காலம் வேற வந்துருச்சு. அது முடியுத வரைக்கும் வாசல்லயே குத்த வச்சு உக்காந்திருந்தான்.

சந்தனமாரிக்குக் கோவம் வந்துருச்சு. "இந்தாரும், இது சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூத்துக்குடியத் தாண்டி நீரு வண்டி ஓட்டுனதே இல்ல. தெரியாத ரோடு, தெரியாத ஊரு, தங்கச்சி வீட்டுல எப்படிப் பாப்பாங்களோன்னு ஒமக்குப் பயம். அந்தப் பயத்துக்குச் சகுனம்னு பேரு வச்சிருக்கீரு."

பலவேசம் தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஏன்னா அது நெசம்.

"பயமா இருந்தா இருக்கட்டும். பயத்தையும் பின்னாடி வாழைத்தாரு பக்கத்துல ஏத்திக்கிடும். ஆனா இன்னொரு தடவை வண்டி திரும்புச்சுன்னா நான் எறங்கி பஸ்ஸுல போயிருவேன். அத்தைக்காரி மடியில வச்சாவது எம் மருமவளுக்குக் காது குத்தட்டும்!"

கேக்கியாலே? தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

மூணாவது தடவை கிளம்புனாங்க. ஊரத் தாண்டியாச்சு. தூத்துக்குடியயும் தாண்டியாச்சு. வலப்பக்கம் கடலு, இடப்பக்கம் பனைமரம். பலவேசம் மெதுவா சீட்டி கூட அடிக்க ஆரம்பிச்சுட்டான். அப்போ ரோட்டுல குறுக்க ஒரு கம்பு. செக்போஸ்ட்டு! தொப்பி போட்ட போலீஸ்காரரு கையக் காட்டி வண்டிய நிறுத்துனாரு. ஜன்னல்ல எட்டிப் பாத்தாரு. வேற என்ன கேப்பாரு? "எங்க போறீங்க?"

வெயிலு உச்சிக்கு ஏறிருச்சு. இனி வீட்டுக்குத் திரும்புனா அம்புட்டுத்தான், காது குத்து முடிஞ்சு பந்தியும் முடிஞ்சிரும். பலவேசம் கை தானாவே ரிவர்ஸ் கியருக்குப் போகுது. அந்தக் கைய சந்தனமாரி கப்புன்னு பிடிச்சா. ஜன்னல் பக்கம் எக்கி, சத்தமாச் சொன்னா:

"நாங்க எங்கயும் போகல சார். வாரோம்!"

போலீஸ்காரரு முழிச்சாரு. "வர்றீங்களா? வண்டி அந்தப் பக்கமால்ல பாத்துக்கிட்டு நிக்குது?"

"ஆமா சார். வேதாரண்யத்துல எங்க நாத்தனா வாசலப் பாத்துக்கிட்டு நிக்கா. அவ நிக்கிற எடத்துல இருந்து பாருங்க. நாங்க போறோமா, வாரோமா?"

போலீஸ்காரரு தலையச் சொறிஞ்சாரு. பின்னாடி வாழைத்தாரப் பாத்தாரு, பாவாடையப் பாத்தாரு. அவரும் யாருக்கோ தாய்மாமன்தான லே? சிரிச்சுட்டாரு. கம்பத் தூக்கி, "சரி சரி, வாங்க வாங்க!"ன்னு கையக் காட்டுனாரு.

பலவேசம் பொண்டாட்டியப் பாத்தான். "ஏட்டி, நாம போகவே இல்லியா?"

"இல்லவே இல்ல. காலையில இருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்கோம். ரோட்டப் பாத்து ஓட்டும்."

அதுக்கப்புறம் அவனைப் பிடிக்க முடியுமா? கட கட கடன்னு குட்டியானை ஓடுச்சு. சாயல்குடியில பதநி குடிச்சாங்க. தொண்டியில பொழுது சாஞ்சு போச்சு. கடக்கரையில வண்டிய நிறுத்திட்டு ரெண்டு பேரும் பின்னாடி ஏறிப் படுத்துட்டாங்க. அலை சொர்ர்ர்... சொர்ர்ர்... அவனுக்குத் தெரியாத ஊருதான். ஆனா நல்லாத் தூக்கம் வந்துச்சு.

விடியக்காலம் எந்திரிச்சு மறுபடியும் கட கட கட. வேதாரண்யம் கோயில்ல எல்லாரும் கூடிட்டாங்க. பூரணிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாச்சு. ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. மாமியாரு சொல்லுதா, "உலகம்மா, நேரம் போவுது. பெரிய மாமனார் மடியில வச்சுடலாம்." உலகம்மா பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "இன்னும் கொஞ்ச நேரம் அத்தை. எங்கண்ணன் வரும்." அவளுக்கே நம்பிக்கை இல்ல, ஆனா சொன்னா.

அப்போ வெளியில, பாம்... பாம்...

பலவேசம் ஓடி வாரான். வேட்டியெல்லாம் உப்புக் காத்து, தலையெல்லாம் புழுதி. வழி பூராவும் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்க என்னென்னமோ சொல்லிப் பாத்துக்கிட்டே வந்திருந்தான். "தாயி, நான் வளைகாப்புக்கு..." அப்படின்னு ஆரம்பிச்சான். உலகம்மா கேக்கவே இல்ல. பிள்ளையத் தூக்கி அவன் மடியில வச்சுட்டா.

"மொதல்ல உக்காருண்ணே."

உக்காந்தான். அன்னைக்குத்தான் மொத மொதல்ல மருமவளத் தொடுதான். பூரணி அவன் மீசையப் பிடிச்சு இழுத்துச்சு. ஆசாரி சர்க்குன்னு ஒரு காதக் குத்துனாரு. பிள்ளை "வீல்"னுச்சு. அப்புறம் அடுத்த காது. சர்க்! பிள்ளை மறுபடியும் "வீல்"னுச்சு. அதுக்கு மேல பெருசா இன்னொரு சத்தம், "ஓஓஓ"ன்னு. யாருன்னு பாத்தா, மாமன்! பிள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுதான், இத்தனை நாளு வராம இருந்துட்டேனேன்னு. பிள்ளை தன் அழுகைய நிறுத்திட்டு அவன் வாயையே பாக்கு.

அதைப் பாத்து உலகம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சின்னப் புள்ளையில சிரிச்ச மாதிரி, கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சா. "பாத்தியளா அத்தை," அப்படின்னு மாமியாரு கையப் பிடிச்சுச் சொன்னா, "இதுதான் எங்கண்ணன்."

என்னலே, "ம்"மக் காணோம்? தூங்கிட்டியா?

சரி. வண்டியும் வந்து சேந்துச்சு, வாழைத்தாரும் பழுத்துச்சு, கதையும் கரையேறிருச்சு. தூங்கு ராசா.