ராபர்ட்டைத் தெரியுமா?

"அம்பதுக்குப் பன்னெண்டா? அநியாயம் மேடம்! முப்பதுக்கு முடிச்சுக்கிடுவோம்."

விடைத்தாளை மேசையில் அடித்தார் மாசானம்.

வாழைக்காய் மண்டியில் அடிபட்டு, மிதிபட்டு, பேரம் பேசியே தலையெடுத்த ஆள். நாற்பது தாண்டி மாலைக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்தார். இங்கிலீஷ் கட்டுரைப் பாடம் மட்டும் மசியவே இல்லை.

பாடம் எடுக்கும் பியூலாவுக்கு அவருடைய கடைசித் தங்கச்சி வயதுதான் இருக்கும்.

"'என் நண்பன்'னு எழுதச் சொன்னேன். யாரு இந்த ராபர்ட்?"

"கைடுல உள்ளவன். உருப்போட்டு எழுதினேன். ஒரு புள்ளி தப்பு இருக்கா, சொல்லுங்க பாப்போம்!"

"தப்பே இல்ல. வகுப்புல பாதிப் பேருக்கு ராபர்ட்தான் நண்பன். ஒருத்தரும் அவனப் பாத்ததில்ல."

"அதுக்கு?"

"இந்த வகுப்புலேருந்து உங்க நண்பர் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. முப்பது தாரேன்."

"பூ, இம்புட்டுதானா!"

வெளியே வந்தார். வராந்தாவில் நின்றார்.

யாரை?

அவர் பெஞ்சில் அவர் மட்டும்தான். அவர் உள்ளே நுழைந்தால் பையன்களின் சிரிப்பு நின்றுபோகும். கேண்டீனில் சுவரைப் பார்த்து நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு வருவார்.

கோபம் மண்டைக்கு ஏறியது. எதிரே வந்த முன்பெஞ்சுப் பையன் தோளைப் பிடித்தார்.

"ஏல, ஒரு பிரியாணி. ரெண்டு நிமிசம் எனக்குக் கூட்டாளியா நில்லு."

"முட்டை உண்டா அண்ணாச்சி?"

"ரெண்டு முட்டை. வால!"

பியூலா பையனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவருக்கு நீ நண்பனா?"

"உயிர் நண்பன் மேடம்!"

"இவர் பேரு?"

"அண்ணாச்சி."

"அது எல்லாரும் கூப்பிடுறது. பேரு?"

பையன் தலையைச் சொறிந்தான்.

மாசானம் கையை ஓங்கிவிட்டார். "ஆறு மாசமா ஒரே வகுப்புல இருக்க, எம் பேரு தெரியாதால உனக்கு?"

"மாசானம்," என்றாள் பியூலா. "உங்களுக்கு இவன் பேரு தெரியுமா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் பையனை அனுப்பிவிட்டாள். ஒரு வெள்ளைத்தாளை மாசானத்தின் முன்னால் நகர்த்தினாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார். தப்பும் தவறுமாய், கைடில் இல்லாத இங்கிலீஷில், இரண்டே வரி.

இந்த வகுப்பில் என் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கும் யார் பெயரும் தெரியாது.

பியூலா படித்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"இதுக்கு எவ்வளவு கேக்கீங்க?"

மாசானம் பேரம் பேசாமல் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே அந்தப் பையன் யாருடனோ சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போவது கேட்டது.