அணைந்திருந்த விளக்கு

"டீச்சரம்மா, நீங்க என்னைய எப்பந்தான் நம்புவிய?"

சொர்ணப்பன் இதைக் கேட்டபோது அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பிலோமினாவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை.

உப்பளத்தில் நின்று நின்று அவருக்குக் கால் வெடித்துப்போனது. அந்த வேலையை விட்டுவிட்டு, வயரிங் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

"சுவிட்ச அணச்சிட்டேன்னா, டெஸ்டர வச்சிப் பாருங்கிய. டெஸ்டர வச்சிட்டேன்னா, அந்த டெஸ்டரு எரியுதான்னு பாருங்கிய. நான் என்ன பச்சப்பிள்ளையா?"

பிலோமினா சைக்கிள் ஹேண்டிலில் வயர்ச் சுருளை மாட்டினாள்.

"வாங்க அண்ணாச்சி. வேலை வந்திருக்கு."

போய் இறங்கிய வீட்டைப் பார்த்ததும் சொர்ணப்பன் சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்து நின்றார்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரே சுவரை ஒட்டிய இரண்டு போர்ஷன்கள். இடது பக்கம் அவர் குடியிருந்தது. கல்யாணமாகி வந்தது அங்கே. மகள் தவழ்ந்தது அங்கே.

"நாங்க இருந்த வீடும்மா இது!"

காலியான வீட்டுக்குள் அவர் ஒவ்வொரு மூலையாகப் போய் நின்றார். கதவுக்குப் பின்னால் மகள் உயரம் பார்த்த பென்சில் கோடுகள் சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தன. ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்தது. அதே வாசனை.

கூடத்து விட்டத்தில் தொங்கிய குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஹோல்டர் கறுத்து, வெடித்திருந்தது. அதைத்தான் மாற்ற வேண்டும்.

"இந்த வெளிச்சத்துலதான் எல்லாம். என் வீட்டுக்காரி பேச்சித்தாய் பூக்கட்டுவா. மக பாடம் படிப்பா. கரண்டு போயிட்டுன்னா மூணு பேரும் வாசலுக்குப் போயிருவோம். திரும்பி வந்துட்டுன்னா தெருவே சத்தம் போடும்."

சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார். கதவோரத்து சுவிட்சை விரல்கள் தாமாகவே கண்டுபிடித்தன.

விளக்கு அணைந்தது.

"மெயின் ஃபியூஸை எடுத்துட்டு வரட்டா?" என்றாள் பிலோமினா.

"ரெண்டு போர்ஷனுக்கும் ஒரே மெயினு. பக்கத்துல கிரைண்டர் ஓடிட்டிருக்கு, பாவம், மாவு பாதியில நின்னுரும். சுவிட்சுதான் அணச்சாச்சே. இந்த வீட்ட எனக்குத் தெரியாதா?"

ஏணியில் ஏறினார். பல்பைக் கழற்றினார்.

பிலோமினா கீழேயிருந்து டெஸ்டரை நீட்டினாள்.

"இங்கயுமா?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

சொர்ணப்பன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்தார். உள்ளே இருந்த சிறு விளக்கு எரிந்தது. டெஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி ஏறினார். ஹோல்டருக்குள் நீட்டிய இரண்டு முள்களில் ஒன்றில் வைத்தார். ஒன்றுமில்லை.

"பாத்தியளா?"

"அடுத்தது, அண்ணாச்சி."

அடுத்த முள்ளில் வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் எரிந்தது.

"சுவிட்சு அணஞ்சிதான இருக்கு?"

"அணஞ்சிதான் இருக்கு."

"பெறகெப்படி?"

பிலோமினா சுவிட்சுப் பலகையைக் காட்டினாள். "கரண்டு வார கம்பியில போட வேண்டிய சுவிட்ச, திரும்பிப் போற கம்பியில போட்டுட்டாவ. விளக்கு அணையும். கரண்டு ஹோல்டர்லயேதான் நிக்கும்."

"எப்ப இருந்து?"

"பழைய வயரிங். மொதல்ல இருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்."

சொர்ணப்பன் ஏணியிலிருந்து மெல்ல இறங்கினார். வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"பொங்கலுக்கு வெள்ளையடிப்போம்," என்றார். "பேச்சித்தாய் ஸ்டூல்ல ஏறி பல்பைக் கழத்துவா. ஒட்டடை, புகை எல்லாம் இருக்கும்லா. ஹோல்டர ஈரத்துணியால தொடப்பா. வருசா வருசம். நாந்தான் சுவிட்ச அணச்சிட்டு, தொடச்சிக்கோன்னு சொல்லுவேன்."

பிலோமினா அவரைப் பார்த்தாள்.

"மர ஸ்டூலா?"

"மர ஸ்டூலு."

"காஞ்ச மரம் கரண்ட விடாது. அதாலதான் தப்பிச்சாவ," என்றாள். பக்கத்து போர்ஷனுக்குப் போய்ப் பேசினாள். கிரைண்டர் சத்தம் நின்றது. திரும்பி வந்தபோது அவள் கையில் மெயின் போர்டின் பீங்கான் ஃபியூஸ் இருந்தது. அதை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

சொர்ணப்பன் எழுந்து ஏணியில் ஏறினார். கம்பியைத் தொடுமுன் இரண்டு முள்ளிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். சுவிட்சைச் சரியான கம்பிக்கு மாற்றினார். புது ஹோல்டரை மாட்டினார். ஃபியூஸைத் திரும்பப் போட்டு, சுவிட்சை அணைத்து, மறுபடி ஏணியில் ஏறினார். டெஸ்டர் எரியவில்லை. இறங்கி பிளக் பாயின்ட்டில் வைத்தார், எரிந்தது. மறுபடி ஏறினார்.

"போதும் அண்ணாச்சி."

"இன்னொரு தரம் பாத்துக்கிடுதேன், டீச்சரம்மா."

அன்று அவர் வெயில் தாழும் முன்பே வீட்டுக்குப் போனார்.

பேச்சித்தாய் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொர்ணப்பன் போய் அவளுடைய ஈரக் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். விடவில்லை.

"என்ன இது," என்றாள் பேச்சித்தாய், "கரண்டு அடிச்சாப்ல நிக்கிய?"